நடந்து கண்ட எல்லை
கல்வராயன் மலையும் அதன் ஆறுகளும் அளக்கப்பெற்ற வரலாறு

கல்வராயன் மலைமீது பெய்யும் மழைக்கு வழிகள் பல. வடசரிவில் வீழும் நீர் பெண்ணையாற்றைச் சேர்கின்றது. கீழ்ச்சரிவின் ஓடைகள் கோமுகியாகவும் மணிமுத்தாவாகவும் திரண்டு, கள்ளக்குறிச்சிச் சமவெளியை நனைத்து, முதுகுன்றமாகிய விருத்தாசலத்தைத் தொட்டு வெள்ளாற்றில் கலக்கின்றன. தென்மேற்கே இறங்கும் கரியகோயிலாறு வசிட்ட நதியின் வழியே அதே வெள்ளாற்றை அடைகின்றது. மலைமீது வாழ்வோர் இவ்வழிகளைக் காலால் அறிந்தவர். அரசு ஆவணங்களோ ஒரே மலையைக் கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்னும் மாவட்டங்களுக்கிடையே கூறுபோட்டு வைத்துள்ளன.

இம்மலைநாட்டின் ஆறுகளையும் வழிகளையும் முதலில் படமாக்கியவர் யார்? அளவைத்துறையின் ஏடுகளைப் புரட்டினால் ஒரு விடை கிடைக்கும். இலக்கியத்தையும் கல்வெட்டையும் செப்பேட்டையும் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கும். முதல் விடையில் ஒருவர் பெயர் இருக்கும். அவர் கையில் ஒரு கருவி இருக்கும். இரண்டாம் விடையில் பலர் இருப்பர். அவர்கள் சேர்ந்து நடந்திருப்பர். இவ்விரண்டாவது மரபு நம் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை. நிலப்படம் என்றாலே ஐரோப்பியர் கொணர்ந்த கலை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டமை அதற்கு ஒரு காரணம். நம் சான்றுகள் தாளில் வரையப்பெற்ற கோடுகளாக இல்லாமல் சொற்களாக இருப்பது மற்றொரு காரணம்.

கூத்தர் கண்ட வழி

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் கல்வராயன் மலைக்கு வடக்கே, பெண்ணையாற்றுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பற்றியது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளும், செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர் குழுவுக்குச் சொல்லும் வழியே ஆகும். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின்னரே இவ்வழி கற்றோர்க்கு மீண்டும் திறந்தது.

ஆற்றுப்படை நூல்களை வள்ளல் புகழ்ச்சியாகக் கற்பிப்பது வகுப்பறை வழக்கம். மலைபடுகடாத்தை அவ்வாறு மட்டும் கற்பிப்பது அப்பாட்டுக்குச் செய்யும் அநீதி. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எவ்விடம், யானையை ஓட்டத் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எத்திசையினின்று வரும், பாசி படர்ந்த சுனையோரத்தில் எதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் உள்ளன. எந்த வழியில் நடுகற்கள் நிற்கின்றன, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்திலிருந்து ஆற்றங்கரையை விடாமல் நடக்க வேண்டும் என்பனவும் உள்ளன. வழியில் நடுகற்கள் உண்டு என்று புலவர் கூறியது கற்பனை அன்று என்பதைச் செங்கம் வட்டாரத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நிகழ்த்திய ஆய்வும், 1972-இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் என்னும் நூலும் உணர்த்தின. அவ்வாய்வில் கிடைத்த கற்கள் சங்க காலத்துக்குப் பிற்பட்டவையே; ஆயினும் ஆநிரை காத்து வீழ்ந்தோர்க்கு வழியோரம் கல் நாட்டும் வழக்கம் அந்நிலத்தில் எத்துணை ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு அவை சான்று.

அப்பாட்டில் ஒரு சிறு செய்தி தனியே நினைக்கத்தக்கது. வழி பிரிந்து மயக்கம் தரும் இடங்களில், முன் செல்வோர் கவர்வழியைத் துடைத்துச் செம்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும் என்று கூத்தன் அறிவுறுத்துகின்றான். பின்னே வருவோர் அந்நிலத்தை முன்பு அறியாதவர், அவர்களுக்காக அது. ஒருவன் சொன்ன வழி, அதில் நடந்தவர்களால் அடையாளமிடப்பட்டு, பின்னே வருவோருக்கு உரியதாகின்றது. பலர் சேர்ந்து வரையும் படத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இப்புல்முடிச்சாகவே இருக்கக்கூடும்.

பெண்ணையாற்றங்கரையில் மற்றொரு வகைச் சான்று கிடைத்துள்ளது. திருக்கோவலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட மலையமான்களுடையவை எனக் கொள்ளப்பெறும் சங்ககாலக் காசுகளில் ஒருபுறம் குதிரை உருவம் காணப்படுகின்றது. மறுபுறத்தில் வளைந்தோடும் கோடும் மலை போன்ற உருவும் உண்டு. இதனை ஆறும் மலையும் அமைந்த அவர்தம் நாட்டின் வரைவாகக் கருதுவோர் நாணயவியலாருள் உளர். இக்காசுகளை ஆராய்ந்து வெளியிட்டவருள் இரா. கிருஷ்ணமூர்த்தி குறிப்பிடத்தக்கவர். அக்கருத்து முற்றும் உறுதிப்பட்டால், விரல்நுனியில் அடங்கும் ஒரு செப்புக்காசே இந்நாட்டின் முதல் நிலப்படம் ஆகும். உறுதிப்படாவிடினும், தம் நாட்டைச் சுட்ட ஓர் ஆற்றையும் ஒரு மலையையும் தேர்ந்த மனம் எத்தகையது என்பது புலவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

அதே ஆற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கின்றது. பாரிமகளை மலையனுக்கு ஒப்படைத்தபின் கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்னும் செய்தியை, திருக்கோவலூரை அடுத்த கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு குறிக்கின்றது. கபிலர் காலத்துக்கும் இராசராசன் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. அத்தனைக் காலமும் எந்தச் செப்பேடும் இன்றி அப்பாறையின் பெயரைக் காத்தவர் ஊரார். கல்வெட்டுப் பொறித்தவர் அவர்தம் நினைவைப் படியெடுத்தவரே. ஆற்றில் வெள்ளம் வந்து கரைகள் மாறியபோதும் ஒரு பாறைக்கு ஒரு புலவன் பெயரை விடாது வழங்கி வந்தனர் என்பது சிறு செயலன்று.

பெண்ணைக் கரையிலேயே சம்பை என்னும் ஊரும் உள்ளது. 1981-இல் அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டறிந்த பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த படுக்கையைக் குறிப்பதோடு அவனைச் சதியபுதோ என்னும் பெயராலும் சுட்டுகின்றது. அசோகனின் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்பது பற்றி நெடுங்காலம் நிகழ்ந்த வாதம் அவ்வொரு வரியால் முடிவுக்கு வந்தது. அவன் கோவலூரை வென்றதாகப் புறநானூறு கூறும் செய்திக்கும் அக்கல்வெட்டு கிடைத்த இடத்துக்கும் உள்ள அண்மை, பாட்டில் வரும் நில அடையாளங்களை நம்பி நடப்போர்க்கு ஊக்கம் தருவது.

நாட்டார் நடை

சங்கப் பாட்டில் கூத்தர் நடந்தனர். பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில் நாட்டார் நடக்கின்றனர். தமிழ்நிலத்தில் மக்கள் கூடித் தம் ஆற்றுப்புறத்தை அடியளந்து வரையறுத்தமைக்கு இதனினும் விரிவான சான்று வேறில்லை.

நடைமுறை இது. அரசன் ஓர் ஊரைக் கொடையாக அளிக்கின்றான். அவன் ஆணை திருமுகமாக நாட்டார்க்கு வருகின்றது. நாட்டார் அதனைத் தொழுது தலைமேல் வைத்துக்கொள்கின்றனர். பின் அவ்வூர் எல்லையைச் சுற்றி நடக்கின்றனர். இதுவே படாகை வலம் செய்தல். எல்லை நெடுகிலும் கல்லும் கள்ளியும் நாட்டுகின்றனர். கல் அசையாது, கள்ளி பட்டுப்போகாது, ஆடுமாடு மேயாது. கண்டதை எல்லாம் அறையோலையாக எழுதி அரசனுக்கு விடுக்கின்றனர். அறையோலையில் நாட்டார் கூறிய எல்லையே செப்பேட்டில் ஏறுகின்றது. ஆணை மேலிருந்து வந்தாலும், எல்லை கீழிருந்து எழுதப்பெறுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லனின் 22-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்ற காசாக்குடிச் செப்பேடுகள் இதற்கு நல்ல சான்று. ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊர் ஏகதீரமங்கலம் எனப் பெயர் மாற்றப்பெற்று அளிக்கப்பட்ட செய்தியைக் கூறும் அச்செப்பேடுகள், சேயாற்றினின்றும் வெஃகாவினின்றும் திரையன் ஏரியினின்றும் கால் வெட்டி நீர் கொள்ளும் உரிமையையும் கூறுகின்றன. கூத்தன் வழிகாட்டிய அதே சேயாறு இங்கே நீருரிமையின் ஊற்றாக வருகின்றது. பாட்டில் நடைவழியாக இருந்த ஆறு செப்பேட்டில் பாசன வழியாகின்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆறு முழுமை பெறும்.

சோழர் காலத்தில் இந்நடை பெரு விழாவாக வளர்ந்தது. பிடியை முன்னே நடத்தி, அதன் பின்னே ஊரார் எல்லை சுற்றுவதால் பிடிசூழ்தல் எனப்பெற்றது. இலெய்டன் பெரிய செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடு இதனை மிக விரிவாகக் காட்டுகின்றது. முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரைக்கு அளித்த ஆனைமங்கலத்தின் பரப்பு 97 வேலியும் சில்லறையும். அதன் எல்லையைக் கூறும் பகுதி வாய்க்கால், குளம், மேடு, அண்டை ஊரின் வயல் என ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கின்றது. சுற்றியுள்ள ஊர்களைச் சார்ந்தோரும் உடனிருந்து கையெழுத்திட்டனர். யானைமேல் ஏறி எல்லை காட்டியவரும் அவ்வாவணத்தில் குறிப்பிடப்பெறுகின்றார். அண்டை ஊரார் உடன் நடவாத எல்லை எல்லையாகாது என்னும் தெளிவு அக்காலத்தவர்க்கு இருந்தது. எல்லை என்பது இருவருக்குப் பொது; ஒருவர் மட்டும் வரைந்தால் அது வழக்காகும்.

இராசராசன் ஆட்சியில், ஏறத்தாழ 1001-இல், நாடெங்கும் நிலம் அளக்கப்பெற்றது. வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள்வரை கணக்கிட்ட அவ்வளவையை நடத்திய தலைவர் உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றார். உலகளந்த பெருமாள் கோயில்கொண்ட திருக்கோவலூர் அமைந்த இந்நடுநாட்டில் அப்பெயரின் நயத்தை விளக்க வேண்டுவதில்லை. அளவுகோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் கோடாக வெட்டி வைக்கும் வழக்கமும் தமிழகத்தில் பரவலாக இருந்தது. கோல் குறைந்தது எனும் ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இம்மரபைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. நாட்டார் எனப்பட்டோர் நிலமுடையோர். செப்பேட்டில் கையெழுத்திட்டோர் வரிசையில் உழைப்போர் பெயரைத் தேடுதல் வீண். பெண்ணின் பெயரும் அங்கில்லை. வரி நீக்கப்பெற்ற நிலங்களை எண்ணும் சோழர் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் எண்ணப்படுகின்றது. அச்சேரியார் படத்தில் இடம்பெற்றனர். படம் வரைவோர் நடுவே இடம்பெறவில்லை. கள்ளியை நட்டுக் கல்லைச் சுமந்த கைகள் பெரும்பாலும் அவர்களுடையனவாகவே இருந்திருக்கும்.

ஆற்றுவழியே நிகழ்ந்த எல்லா நடையும் அறத்தின்பாற்பட்டதும் அன்று. கெடிலக்கரைத் திருவந்திபுரத்துக் கோயிற்கல்வெட்டு, கோப்பெருஞ்சிங்கனால் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கப்பெற்ற மூன்றாம் இராசராசனை மீட்க 1231-இல் போசளத் தண்டநாயகர் வந்த வழியைக் கூறுகின்றது. அழித்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக அதில் வருகின்றன. அதுவும் ஓர் ஆற்றுப்படைதான்; தீவைத்தவர்கள் எழுதியது.

சங்கிலி வந்தபின்

1801-இல் கருநாடகத்தின் ஆட்சி முற்றும் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே, 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் இலாம்டன் பரங்கிமலை அருகே தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இந்தியா முழுமையையும் தழுவிய பெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அது. நெடுங்கோட்டு வட்டத்தின் ஒரு பகுதியை அளக்க அவர் தென்கோடியில் தேர்ந்த நிலையம், போசளரின் படைவழிக் கல்வெட்டு நிற்கும் அதே திருவந்திபுரம். இரு அளவையாளர்களும் அங்கே சந்தித்தது தற்செயலே எனினும், வரலாற்றில் தற்செயல்களும் சில வேளைகளில் பொருளுடையன.

இலாம்டனின் கணக்கு நுட்பமானது. அதன் அறிவியல் மதிப்பை மறுப்பார் இலர். ஆனால் அவருடைய முக்கோணத்துக்குத் தேவைப்பட்டவை மலைமுகடுகளும் கோபுர உச்சிகளுமே. மலையில் வாழ்ந்தவர் அதற்குத் தேவைப்படவில்லை. முன்பு எல்லை என்பது நடந்தோர் நினைவிலும் கள்ளிவேலியிலும் இருந்தது. இப்போது அது கோணங்களின் கணக்கில் குடியேறியது.

எனினும் கும்பெனியாரும் ஊராரின் அறிவின்றி நெடுந்தூரம் செல்ல இயலவில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் தாமசு பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவை, ஊர்க்கணக்கர்கள் ஓலையில் வைத்திருந்த கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. காலின் மெக்கன்சி மைசூரிலும் பிற இடங்களிலும் அளக்கச் சென்றபோது காவலி வெங்கட போரையா, இலட்சுமையா முதலிய துணைவர்கள் வாயிலாக ஊர்தோறும் கைபீதுகளைத் திரட்டினார். அவர் தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. 1815-இல் இந்தியாவின் தலைமை அளவையரான மெக்கன்சிக்கு, கோடு மட்டும் ஊரைக் காட்டாது என்பது தெரிந்திருந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் கோட்டையும் கதையையும் பிரித்தனர். கோடு அளவைத்துறைக்குப் போயிற்று. கதை சுவடி நூலகத்துக்குப் போயிற்று. தமிழாசிரியர் ஒருபுறமும் நிலஅளவர் மறுபுறமுமாக இன்றுவரை ஒருவரையொருவர் அறியாதிருப்பது அப்பிரிவினையின் விளைவே.

சமவெளியில் ரயத்துவாரி முறை வந்தது. ஊர்தோறும் புலப்படங்களும் பதிவேடுகளும் தோன்றின. 66 அடிச் சங்கிலியின் ஓசை கேளாத வயல் கீழ்நாட்டில் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. மலைமேல் நிலைமை வேறு.

மலைமேல்

ஆங்கில ஆவணங்களில் கல்ராயன் என எழுதப்பெற்ற இம்மலை, சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்போர் பெயரால் வழங்கிய மூன்று ஜாகிர்களாக இருந்தது. விசயநகரப் பேரரசன் கிருட்டிணதேவராயன் அளித்தவை என்பது அவற்றின் தோற்றம் பற்றிய வழக்கு. மலையில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருள், மலையாள மொழிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். காஞ்சியினின்று வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வழியினர் தாம் என்பது அவர்கள் சொல்லும் கதை. 1909-இல் வெளிவந்த தர்சுட்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஜாகிர்கள் ரயத்துவாரி நிலவரித்திட்டத்துக்கு வெளியே நின்றன. ஆகவே கீழ்நாட்டு உழவனுக்குப் பட்டாவும் புல எண்ணும் கிடைத்த காலத்தில், மலைமீது உழுதவனுக்கு அவை கிடைக்கவில்லை. 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின்னரும் வழக்குகள் நீண்டன. 1976-இல்தான் இம்மலை அரசின் நேரடி ஆட்சியின்கீழ் வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டபோது இந்த 1976 மீண்டும் பேசப்பெற்றது. பலர் அதனை வியப்போடு கேட்டனர். மலைக்கு அது புதிய செய்தியன்று.

ஆவணம் இல்லை என்பதால் அறிவு இல்லை என்று கொள்ளலாகாது. நாடு என்னும் பழைய ஆட்சிப் பிரிவு சமவெளியில் கல்வெட்டுச் சொல்லாகிவிட்டது. மலையாளி மக்களிடையே அது வாழும் சொல். சேலம் மாவட்டப் பகுதியில் உள்ள ஊராட்சிகள் இன்றும் பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு, சின்ன கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு என்றே பெயர் தாங்கியுள்ளன. சோழர் காலத்து நாட்டார் எங்கே போயினர் என்று வினவும் வரலாற்று மாணவர், முதலில் தேடவேண்டிய இடம் கல்வெட்டுத் தொகுதிகள் அல்ல. மலைமேல் ஏறும் பேருந்தின் பெயர்ப்பலகை.

மலையடியில் கோமுகி அணையும் மணிமுத்தா அணையும் எழுந்தன. முதலாவதன் உயரம் 46 அடி. இரண்டாவதன் உயரம் 36 அடி. அவற்றின் ஆயக்கட்டு முழுவதும் வரைபடத்தில் உண்டு. எந்த வாய்க்கால் எந்தப் புல எண்ணுக்குப் பாய்கின்றது என்பதைப் பொதுப்பணித்துறையின் தாள்கள் சொல்லும். அவ்வணைகளை நிரப்பும் மலையோடைகளின் பெயர்களுக்கு அத்தகைய தாள் அரிது. சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் பேசும். அதே ஆறு மலையில் பெற்றதைச் சமவெளியில் கொடுப்பதை எந்தப் புராணமும் பேசவில்லை.

மீண்டும் கல்லும் கள்ளியும்

கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு புதுமுயற்சி நிகழ்ந்தது. கேரள சாத்திர சாகித்திய பரிசத்தும் திருவனந்தபுரத்துப் புவியறிவியல் ஆய்வு மையமும் இணைந்து ஊராட்சி வளப்படங்களை உருவாக்கத் தொடங்கின. ஊர்த் தொண்டர்கள் வருவாய்த்துறையின் புலப்படத்தைக் கையில் ஏந்தி, வயல் வயலாக நடந்து, மண்ணின் தன்மையையும் நீர்நிலையையும் நிலப்பயனையும் குறித்தனர். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி அதில் பெயர்பெற்ற ஊர். வல்லுநர் வரைந்து ஊரார் பார்க்கும் படமாக இல்லாமல், ஊரார் வரைந்து வல்லுநர் சரிபார்க்கும் படமாக அது அமைந்தது. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் ஊர்தோறும் மக்களே எழுதும் பல்வகைமைப் பதிவேட்டுக்கு வழிசெய்தது. தமிழகத்தில் பல இடங்களில் அப்பதிவேடு அலுவலகக் கடமையாகச் சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது.

கல்வராயன் மலையைப் பொறுத்தவரை இவையனைத்தினும் பெரிய மாற்றம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2008 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளைச் செப்பேடுகளோடு ஒருங்கே வைத்துப் படிக்கும் தமிழ் மாணவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவினர் இடத்துக்கு நேரே சென்று காணவேண்டும். கோரும் நிலத்தை, கண்டறியத்தக்க அடையாளங்களோடு வரைபடமாக்க வேண்டும். கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், வரப்பு, தடுப்பணை ஆகியன சான்றுகளாக ஏற்கப்பெறும். கோருவோர் அல்லாத முதியோர் கூறும் வாய்மொழியை எழுத்தாக்கி அதனையும் சான்றாக வைக்கலாம். இரண்டு ஊர்களின் மரபெல்லைகள் முரண்பட்டாலோ, ஒரே காட்டை இரண்டு ஊரார் பயன்படுத்தினாலோ, இரு குழுவினரும் ஒருங்கே அமர்ந்து ஆராய வேண்டும்.

அறையோலையும் பிடாகை நடையும் அண்டை ஊரார் கையெழுத்தும் வேறு பெயரில் திரும்பி வந்துள்ளன. யானை மட்டும் இல்லை. வேறுபாடு ஒன்று உண்டு, அது பெரிது. 2012-இல் செய்த திருத்தத்தின்படி குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆனைமங்கலத்து எல்லையில் நடந்தோர் பட்டியலில் இல்லாதவர்கள் இப்பட்டியலில் இருந்தே ஆகவேண்டும். விறகுக்கும் கடுக்காய்க்கும் தேனுக்கும் நாள்தோறும் காட்டுள் செல்வோர் எவரோ, அவரே எல்லையைச் சொல்லத் தக்கவர்.

சட்டம் வந்த வேகத்தில் உரிமை வரவில்லை. உரிமைச் சான்று வழங்குமுன் நீதிமன்றத்தின் இசைவைப் பெறவேண்டும் என 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் தமிழகத்தில் பணி முடங்கியது. உச்சநீதிமன்றம் 2016-இல்தான் அத்தடையை நீக்கியது. அவ்வெட்டு ஆண்டுகளில் எத்தனை முதியோர் தம் வாய்மொழியைச் சொல்லாமலே மறைந்திருப்பர் என்று எண்ணுங்கால் இழப்பின் அளவு புலப்படும். சங்கிலியால் அளந்த நிலத்தை மறுமுறையும் அளக்கலாம். எந்த ஓடையின் தலைப்பில் எந்தத் தலைமுறை பயிர்செய்தது, எந்தப் பாறைக்கு ஏன் அப்பெயர், எவ்விடத்துக்கு அப்பால் மறு ஊரார் கால்நடை மேய்க்க வருவதில்லை என்பனவற்றை மறுமுறை அளக்க இயலாது.

மாவட்டக் கோடுகளும் இதனிடையே மாறிக்கொண்டே வந்தன. தென்னார்க்காடு 1993-இல் பிரிந்து விழுப்புரம் தோன்றியது. விழுப்புரத்தினின்று 2019 நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலை தனி வட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் அண்மையில் வந்தது மலைமக்களுக்கு நன்மையே. ஆயினும் மலையின் மறுசரிவு சேலத்திலும் வடபகுதி பிற மாவட்டங்களிலும் இருக்கின்றன. விதி கூறியவாறு இரண்டு ஊர்க் குழுக்கள் ஒருங்கே அமரவேண்டுமாயின், ஒரே ஓடையின் இருகரையினர் இருவேறு மாவட்டங்களினின்று வரவேண்டிய நிலை மலையின் சில பகுதிகளில் உண்டு. ஊரார்க்கு அது ஒருவேளை நடை. கோப்புகளுக்கு அது நெடும்பயணம்.

நடையை முடித்த குழுவினர் கிராம சபையின்முன் தம் படத்தை வைக்கின்றனர். சபை கூடி, ஆராய்ந்து, தீர்மானம் நிறைவேற்றுகின்றது. கையெழுத்திட அறிந்தோர் கையெழுத்திடுகின்றனர்; ஏனையோர் பெருவிரல் ரேகை பதிக்கின்றனர். அதன்பின் அவ்வோலை மலையிறங்கி உட்கோட்ட அளவிலான குழுவுக்குச் செல்கின்றது.